‘புற உலகச் சிந்தனையற்ற’ குழந்தையும் பல் மருத்துவ நாற்காலியும்: மாயாபந்தரை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு. குழந்தைகள் பல் மருத்துவம், சிறப்புக் கல்வி, மொழியியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் பொறுமையுடன் வாசித்துத் தம் கருத்துகளைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்னும் தொடர் வழங்கி வருகிறது. இதழ்கள் ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகின்றன; இலங்கைத் தமிழர் ‘ஓட்டிசம்’ என்று ஒலிபெயர்க்கின்றனர். இவற்றுள் முதலாவது வெறும் பெயரன்று, ஒரு விளக்கம். குழந்தைக்குப் புற உலகு ஒரு பொருட்டில்லை என்பதே அவ்விளக்கத்தின் உட்பொருள். அதே குழந்தையைப் பல் மருத்துவ நாற்காலியில் சாய்த்துப் பார்த்தால் இத்தொடர் எவ்வளவு பிழைபட்டது என்பது விளங்கும். கண்ணுக்கு நேர் மேலே கூரிய விளக்கு, காதருகே சுழலும் கருவியின் கிறீச்சொலி, அறை முழுதும் கிராம்பு எண்ணெயின் நெடி, நாவில் கையுறையின் ரப்பர்ச் சுவை, வாய்க்குள் முன்பின் அறியாத ஒருவரின் விரல்கள். அக்குழந்தையிடம் புற உலகு இல்லாமல் இல்லை. அது வாய் வழியாக உள்ளே புகுந்துகொண்டிருக்கிறது.

ஆட்டிசம் என்னும் கருத்தாக்கமும் குழந்தைகள் பல் மருத்துவமும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில் வளர்ந்தவை. அவை ஒன்றையொன்று சந்திக்கத் தாமதமானதற்குப் பெயரிடலும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அத்தாமதத்தின் விலை, மாயாபந்தர் போன்ற தொலைவிடங்களில் கூடுதலாகச் செலுத்தப்படுகிறது.

‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆட்டிசம்’ என்பதை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனச்சிதைவின் ஓர் அறிகுறியைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். குழந்தைகளின் தனித்த நிலையொன்றுக்கு அச்சொல்லை வழங்கியது, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் வெளியிட்ட கட்டுரை. எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் என 11 குழந்தைகளை அதில் அவர் விவரித்தார்.

அக்கட்டுரையை இன்று மீண்டும் படிப்போர் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. உரத்த ஒலிகளும் அசையும் பொருள்களும் இக்குழந்தைகளைத் திகிலடையச் செய்கின்றன என்பதைக் கானர் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார். தூசுறிஞ்சி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி ஆகியவை அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் அடங்கும். வெளியிலிருந்து குழந்தைக்குள் நுழையும் முதல் பொருள் உணவு என்பதையும் அவர் சுட்டுகிறார். ஒலி, அசைவு, வாய் ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் குழந்தை அஞ்சுவது ஒலியையன்று, அவ்வொலி தன் தனிமையைக் குலைப்பதையே என்று கானர் அதற்கு விளக்கம் தந்துவிட்டார். புலன் சார்ந்த சான்று தனிமை என்னும் கோட்பாட்டுக்குத் துணைச் சான்றாகச் சுருங்கிப்போயிற்று.

அடுத்த ஆண்டு வியன்னாவிலிருந்து வெளியான ஹான்ஸ் அஸ்பெர்கரின் ஆய்வும் சுவை, தொடுகை, ஒலி ஆகியவற்றில் இக்குழந்தைகளிடம் காணப்படும் மிகைநுண்மையைக் குறிப்பிட்டது. ஊட்டா ஃப்ரித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1991இல் வரும்வரை அதைப் பரவலாக எவரும் படிக்கவில்லை. (அஸ்பெர்கர் நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலை நிலையத்துக்குச் சிறாரை அனுப்பியதை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களுடன் நிறுவினார். அவர் பெயரைச் சொல்லும் இடத்தில் இதையும் சொல்லாமல் கடப்பது முறையன்று.) 1968இல் ஆர்னிட்ஸும் ரிட்வோவும் புலனுணர்வின் நிலையின்மையே ஆட்டிசத்தின் மையம் என வாதிட்டனர், அவ்வாதம் நிலைபெறவில்லை. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு 1980இல் ஆட்டிசத்தைத் தனிப் பிரிவாக ஏற்றது. புலன்களின் மிகை அல்லது குறை எதிர்வினை அதே கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நோயறி அளவைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. கானர் கண்டு எழுதியதற்கும் கையேடு ஒப்புக்கொண்டதற்கும் இடையே 70 ஆண்டுகள்.

அந்த 70 ஆண்டுகளில் பல் மருத்துவம் என்ன செய்துகொண்டிருந்தது?

குழந்தைகள் பல் மருத்துவத்தின் தொடக்க வரலாறு பெருமளவு கீழ்ப்படிதலின் வரலாறு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே சிகிச்சையளித்த முன்னோடிகளுள் ஒருவரான எவாஞ்சலின் ஜோர்டன், அழுது புரளும் குழந்தையின் வாயைத் துணியால் மெல்ல, ஆனால் உறுதியாகப் பொத்தும் முறையை 1920களில் எழுதிவைத்தார். வாய்மேல் கை வைத்து அடக்குதல் என்னும் இம்முறை பாடநூல்களில் இடம்பிடித்துப் பல தலைமுறைகள் நீடித்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கியது 2006இல்தான். கைகால்களைப் பட்டைகளால் பிணைக்கும் பலகை இன்றும் பல நாடுகளில் விவாதத்துக்குரிய பொருளாகவே இருக்கிறது. 1959இல் அடல்ஸ்டன் முன்வைத்த ‘சொல், காட்டு, செய்’ என்னும் முறை, அடக்குதலுக்கு மாற்றாக வந்த நல்ல திருப்பம். முதலில் விளக்கிச் சொல்; கருவியைக் காட்டு; பின்பு செய். இந்தியப் பல் மருத்துவ மாணவர் அனைவரும் இதைப் படித்தே தேர்வு எழுதுகின்றனர். மூன்று சொற்களின் வரிசையில் ‘சொல்’ முதலில் நிற்பதைக் கவனியுங்கள். மொழி தங்குதடையின்றி உள்ளே செல்லும் குழந்தையை முன்னிறுத்திய வரிசை அது.

ஆட்டிசக் குழந்தைகளின் பல் பராமரிப்பைத் தலைப்பிலேயே குறிப்பிடும் கட்டுரை பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் 1969இல் வந்தது, எழுதியவர் ஸ்வாலோ. அமெரிக்காவில் கோப்பலின் கட்டுரை 1977இல் வந்தது. இடைப்பட்ட காலம் எத்தகையது என்பதை மறக்கலாகாது. தாயின் உணர்ச்சிக் குளிர்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற புரூனோ பெட்டல்ஹைமின் நூல் 1967இல் வெளியாகிப் பெரும் செல்வாக்குடன் திகழ்ந்தது. பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே அதற்கு மறுப்பு எழுதியிருந்தும் பழி தாயின் மேலிருந்து எளிதில் இறங்கவில்லை. ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு தாய், குழந்தையின் சொத்தைப் பல்லுடன் மருத்துவர்முன் செல்லும்போது ‘ஏன் ஒழுங்காகப் பல் தேய்த்துவிடவில்லை?’ என்னும் கேள்வியையும் சேர்த்தே சுமந்திருப்பார். அக்கேள்வி நம்மூரில் இன்னும் ஓயவில்லை.

முறையான மாற்றம் ஸ்வீடனிலிருந்து வந்தது. பெக்மன், பில்லப்ரோ இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, சொல்லுக்கு முன்னே படத்தை வைத்தது. மருத்துவமனைக் கதவு, காத்திருக்கும் அறை, நாற்காலி, விளக்கு, வாய் திறத்தல் என ஒவ்வொரு படியையும் வண்ணப் படமாக்கி வீட்டிலேயே குழந்தைக்குப் பழக்கினர். ஒன்றரை ஆண்டுக்குப் பின், படங்களால் பழக்கப்பட்ட குழந்தைகள் ஏனையோரைவிடக் கூடுதலாக ஒத்துழைத்தனர். எரிக் ஷாப்லர் வட கரோலைனாவில் 1960களின் பிற்பாதியிலிருந்து வளர்த்த காட்சிவழிக் கற்பித்தலைப் பல் மருத்துவம் கைக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின. மற்றொரு கிளை நெதர்லாந்தில் 1970களில் உருவான ‘ஸ்னூசலன்’ அறைகளிலிருந்து பிறந்தது. மங்கிய ஒளி, மெல்லிசை, உடலை அணைத்துக்கொள்ளும் கனத்த போர்வை ஆகியவற்றைப் பல் மருத்துவ அறைக்குள் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கொண்டுவந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் 162 ஆட்டிசச் சிறாரிடம் நடந்த சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனையின் முடிவுகள் 2023இல் வெளியாயின. புலன் தகவமைப்புச் செய்த அறையில் குழந்தைகளின் தோல்வழி மின்கடத்தல் அளவு, அதாவது உடல் காட்டும் பதற்றம், குறைந்தது. மேல்விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் அணியும் விளக்கைப் பயன்படுத்துவது இதன் பெரும்பகுதி என்பதை நிதிநிலை பற்றிக் கவலைப்படுவோர் குறித்துக்கொள்ளலாம்.

ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சொத்தை கூடுதலா, குறைவா? இவ்வினாவுக்கான விடை நாட்டுக்கு நாடு மாறுகிறது. பாஸ்டனில் 395 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, அவர்களுக்குச் சொத்தை குறைவு என்றும் ஒத்துழைப்பின்மையும் மயக்க மருந்துத் தேவையும் கூடுதல் என்றும் கூறியது. 2011இல் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்த ஆய்வு சொத்தை கூடுதல் என்றது. சென்னையின் சிறப்புப் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் 483 சிறாரைப் பரிசோதித்து 2012இல் வெளியான ஆய்வு, பால்பற்கள் உள்ள வயதில் சொத்தையும், நிலைப்பற்கள் முளைக்கும் வயதிலிருந்து ஈறு அழற்சியும் முதன்மையாக இருப்பதைக் காட்டியது. எனவே ஆட்டிசம் தன்னளவில் பல்லை அரிப்பதில்லை. பல்லை அரிப்பவை அதைச் சூழ்ந்த நடைமுறைகள். மெல்லாமல் கன்னத்தில் அடக்கிய உணவு. நான்கைந்து பண்டங்களுக்குள் சுருங்கிய உணவுத் தேர்வு. பயிற்சியில் ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசாகத் தரப்படும் இனிப்பு. (லோவாஸ் 1960களில் வளர்த்த நடத்தைப் பயிற்சியில் தின்பண்டம் ஊக்கியாக இருந்தது. சாக்லேட் கொடுத்துச் சொல் கற்பிக்கும் வழக்கம் அதன் நீட்சியே.) வலிப்பும் சேர்ந்திருந்தால் சர்க்கரைப்பாகில் கலந்த மருந்து, ஃபெனிட்டாயின் என்றால் ஈறு வீக்கம். இவ்வீக்கம் 1939 முதலே மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. இவற்றோடு நம் வீடுகளில் ஒலிக்கும் ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்னும் சமாதானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல் துலக்குவதே ஒரு போராட்டமாக உள்ள வீட்டில் அச்சமாதானம் சோம்பலால் வருவதன்று. அன்றைய நாளைக் கடத்தும் வழி அது.

இனி மொழி. முதுகலையில் மொழியியல் பயின்ற எனக்கு இப்பொருளில் மிகுதியும் ஆர்வமூட்டுவது இப்பகுதியே.

நம் பல் மருத்துவ அறைகளின் பேச்சு உருவகங்களால் ஆனது. ‘பல்லுல பூச்சி இருக்கு, எடுத்துடலாம்’, ‘எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்’, ‘ஒரே நிமிஷம்’. பெரும்பாலான குழந்தைகளை இவை தேற்றுகின்றன. சொல்லை அதன் நேர்ப்பொருளில் கொள்ளும் குழந்தைக்கோ வாய்க்குள் உண்மையாகவே பூச்சி ஊர்கிறது; ஊசி போடுமுன்னரே எறும்பு கடிக்கப் போகிறது; அறுபது நொடி கடந்தபின் மருத்துவர் பொய்யராகிவிடுகிறார். ஸ்பெர்பர், வில்சன் ஆகியோரின் பொருத்தக் கோட்பாட்டை வைத்து ஃபிரான்செஸ்கா ஹப்பே 1993இல் நடத்திய ஆய்வு, பிறர் மனத்தை ஊகிக்கும் திறனுடன் உருவகப் புரிதலைத் தொடர்புபடுத்தியது. உருவகப் புரிதலுக்கு அத்திறனைவிடச் சொற்பொருள் அறிவே அடிப்படை என நார்பரி 2005இல் திருத்தினார். எது சரியாயினும் பல் மருத்துவருக்கான நடைமுறைப் பாடம் ஒன்றே: உருவகத்தைக் கைவிட்டு, நடக்கப்போவதை நடக்கும் வரிசையில் கூறுதல். (பல்லில் பூச்சி என்பது பாபிலோனியர் காலத்து நம்பிக்கை. பியேர் ஃபோஷார் 1728இல் அதை மறுத்தார். நம் பேச்சில் அப்பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது.)

எதிரொலிப்பு இதனினும் நுட்பமானது. ‘வலிக்குதா?’ என்று மருத்துவர் கேட்கிறார், குழந்தை ‘வலிக்குதா?’ என்கிறது. கேள்வி புரியவில்லை என்று குறித்துக்கொண்டு மருத்துவர் மேலே செல்கிறார். கேள்வியை அப்படியே திரும்பச் சொல்வது இக்குழந்தைகளிடம் ‘ஆம்’ என்பதற்கு ஈடாகலாம் எனக் கானரே 1943இல் எழுதியிருக்கிறார். உடனடி எதிரொலிப்புக்குப் பல பயன்பாடுகள் உண்டு என்பதை 1981இல் பிரிசான்ட், டூகன் ஆகியோர் வகைப்படுத்தினர். தமிழில் வினாவுக்கும் விடைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஈற்றில் வரும் ஓர் ஆகாரம் மட்டுமே. அந்த ஆகாரத்தை நீக்காமல் குழந்தை தன் வலியை ஒப்புக்கொள்கிறது. நாமோ அதை வலியின்மை எனப் பதிகிறோம்.

பேச்சே இல்லாத குழந்தையிடம் நிலைமை இன்னும் கடினம். பல் மருத்துவர் நோயறிவது பெருமளவு சொற்களால்தான். குளிர்ந்த நீர் பட்டால் சுருக்கென்று கூசி அடங்குகிறதா, இரவில் விண்விண்ணென்று தெறித்து எழுப்புகிறதா என்பதைப் பொறுத்தே பல்லின் கூழ் பிழைக்குமா என்பது தீர்மானமாகிறது. குத்தல், கடுப்பு, குடைச்சல், தெறிப்பு எனத் தமிழில் வலிக்குச் சொற்கள் மிகுதி. இவற்றுள் ஒன்றும் அக்குழந்தையின் வாயிலிருந்து வராது. வருவது வேறு: ஒரு பக்கமாக மெல்லுதல், விரும்பி உண்ட குளிர்பண்டத்தை மறுத்தல், தாடையில் தானே அறைந்துகொள்ளுதல். இதை ‘நடத்தைச் சிக்கல்’ என்று பதிந்து உளநல மருந்தின் அளவைக் கூட்டுமுன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே இத்துறையில் நான் படித்தவற்றுள் மிக முக்கியமான அறிவுரை. ஆட்டிசக் குழந்தைகளுக்கு வலி உறைப்பதில்லை என்னும் பழைய நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது அவர்களின் முகத்தசைகள் வலியைத் தெளிவாகவே காட்டின என நேடரும் அவர் குழுவினரும் 2004இல் நிறுவினர்.

மேலே ‘கூசுதல்’ என்று எழுதியதை விளக்க வேண்டும். வெயிலில் கண் கூசுகிறது. புளி தின்றால் பல் கூசுகிறது. பிறர் தொட்டால் உடல் கூசுகிறது. அவையில் பேசக் கூசுகிறது. ஒளி, சுவை, தொடுகை, சமூகம் ஆகிய நான்கையும் தமிழ் ஒரே வினையால் சொல்கிறது. ஆட்டிசத்தின் மேலைநாட்டு வரையறை, சமூக விலகலை மையமாகவும் புலன் மிகையை விளிம்பாகவும் வைத்து 70 ஆண்டுகளைக் கழித்தது. ‘கூச்சம்’ என்ற சொல்லில் அந்தப் பிரிவினை இல்லை. (பண்டைத் தமிழர் ஆட்டிசத்தை அறிந்திருந்தனர் என்று நான் கூறவரவில்லை, அத்தகைய பகிர்வுகளுக்கு இப்பதிவைப் பயன்படுத்த வேண்டா.) நான் கூறவருவது எளியது. ஒரு பெற்றோரிடம் ‘உங்கள் குழந்தை புற உலகச் சிந்தனையற்றது’ என்பதற்கும் ‘உங்கள் குழந்தைக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் மிகுதியாகக் கூசுகின்றன’ என்பதற்கும் இடையே, அடுத்து என்ன செய்வது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதல் வாக்கியத்துக்குப் பின் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதற்குப் பின் விளக்கைக் குறைக்கலாம்.

இந்தியாவின் நிறுவன வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். பல் மருத்துவர் சட்டம் 1948இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல். குழந்தைகள் பல் மருத்துவர்களின் தேசியச் சங்கம் 1979இல். ஆட்டிசத்தின் சட்ட வரலாறு இதற்குப் பின்னால் வருகிறது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இப்புதிய சட்டத்தின் 25ஆம் பிரிவு, இருப்பிடத்துக்கு அருகிலேயே, சிறப்பாக ஊரகங்களில், இலவச மருத்துவ வசதியை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. ‘அருகில்’ என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பற்சொத்தையும் இருக்கிறது, ஆட்டிசமும் இருக்கிறது; தனித்தனிக் கட்டங்களில். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு வகுக்கப்பட்ட பணியாளர் பட்டியலில் பல் மருத்துவரும் பேச்சுப் பயிற்றுநரும் அருகருகே உள்ளனர். காகிதத்தில் இரு துறைகளும் சந்தித்துவிட்டன.

மாயாபந்தர் மத்திய அந்தமானின் வட கோடியில், கடலும் சதுப்புக் காடும் சூழ அமைந்த சிற்றூர். 2006இல் உருவான வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகர். 1925இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக அழைத்துவரப்பட்ட கரேன் மக்கள் அருகிலுள்ள வெபியில் குடியேறினர். வங்காளிகள், ராஞ்சிப் பகுதியினர், தெலுங்கர், தமிழர் எனப் பலரும் பல காலங்களில் வந்து சேர்ந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.05 லட்சம், தீவுக்கூட்டம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. அவர்களுள் ஆட்டிசக் குழந்தைகள் எத்தனை பேர் என்று அதே கணக்கெடுப்பைக் கேட்டால் விடையில்லை. அதன் எட்டு வகைகளுள் ஆட்டிசம் என்னும் வகையே இல்லை. ‘பிற’ என்ற கட்டத்திலோ வேறெதிலோ அவர்கள் கலந்திருக்கிறார்கள். 2018இல் வெளியான பெரிய இந்திய ஆய்வு காங்ரா, பல்வல், தேன்கனால், வட கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் நடந்தது. அதன் மதிப்பீடு நூற்றுக்கு ஒருவர் என்பதை ஒட்டியது. ஐந்தில் தீவு ஏதுமில்லை.

மாயாபந்தரிலிருந்து தலைநகர் ஸ்ரீவிஜயபுரம், அதாவது 2024வரை போர்ட் பிளேர், சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வரைபடத்தில் இது திருச்சியிலிருந்து கோவை செல்லும் தொலைவைவிடச் சற்றுக் கூடுதல்; பயணத்தில் ஏறத்தாழ ஒரு முழுப் பகல். ரங்கத், கதம்தலா கடந்து, பாராடாங்கில் படகேறி நீரிணையைத் தாண்டி, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை வாகன அணிவகுப்பில் மட்டுமே கடக்க முடியும். அணிவகுப்புக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் நிறுத்தக் கூடாது. ஜாரவாக்களின் பாதுகாப்புக்கு இவ்விதி இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்விதியின் வழியே ஒரு ஆட்டிசக் குழந்தையை அழைத்துச் செல்வதை எண்ணிப் பாருங்கள். காத்திருப்பு, பிற வாகனங்களின் இரைச்சல், கூட்டம், படகின் அதிர்வு, இறங்க முடியாத பேருந்து. நாற்காலியை அடையுமுன்னரே குழந்தையின் பொறுமை முழுதும் செலவாகிவிடும். பொது மயக்கத்தில் சிகிச்சை என்றால் முன்னிரவிலிருந்து உணவும் கூடாது. ஒரே தட்டில், ஒரே நேரத்தில், ஒரே உணவை மட்டும் உண்ணும் குழந்தைக்குப் பட்டினியும் பயணமும் ஒருசேர. தலைநகரிலும் முடியாதபோது சென்னை; விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்.

மொழியும் இங்கே இன்னொரு நீரிணை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மூன்றாவது ஒன்று. தமிழில் எதிரொலிக்கும் குழந்தையிடம் ‘தர்த் ஹோ ரஹா ஹை?’ என்று கேட்டால் கிடைக்கும் எதிரொலியை யார் பொருள்படுத்துவது? ‘குழப்பம் வேண்டாம், ஒரே மொழியில் பேசுங்கள்’ என்று பெற்றோருக்கு அறிவுரை கூறி வீட்டுமொழியைக் கைவிடச் செய்த காலமும் உண்டு. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கூடுதலாகத் தாமதப்படுத்தவில்லை என ஹாம்ப்ளி, ஃபோம்போன் ஆகியோர் 2012இல் காட்டினர். தமிழை இழந்த குழந்தை இந்தியைப் பெற்றுவிடுவதில்லை. பெரும்பாலும் தாயுடன் பேசும் மொழியைத்தான் இழக்கிறது.

இத்தொலைவுக்கான விடை பெருநகரின் புலன் தகவமைப்பு அறையிலிருந்து வராது, தொலைவுகளிலிருந்தே வரக்கூடும் என்பது என் ஊகம். 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக ஜோ ஃப்ரென்கனும் உடன் பணியாற்றியோரும் ஒரு முறையை உருவாக்கினர். சுழலும் கருவி இல்லை. மென்மையாகிவிட்ட சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, பல்லுடன் ஒட்டும் கண்ணாடி அயனோமர்ச் சாந்தை நிரப்புவதே அம்முறை. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் அதை முன்னெடுத்தது. மின்சாரம் இல்லாமைக்காகப் பிறந்த அம்முறை ஓசையும் இல்லாதது என்பதால், கருவியின் கிறீச்சொலியைத் தாங்காத குழந்தைகளுக்குப் பொருந்துகிறது. ஜப்பானில் 1970ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு இன்னும் எளியது: சொத்தையின்மேல் ஒரு துளி தடவ, அரிப்பு நின்றுவிட வாய்ப்பு மிகுதி. பல்லின் அப்பகுதி கருத்துவிடும். உலோகச் சுவை சில குழந்தைகளுக்குப் பிடிக்காது. கருமையைப் பெற்றோருக்கு முன்பே விளக்கி இசைவு பெற வேண்டும். இவ்விரண்டும் 2021இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைச் செய்ய மயக்க மருந்து நிபுணர் வேண்டா, அணிவகுப்பில் காத்திருக்கவும் வேண்டா. ஆழ்ந்த சொத்தைக்கும் சீழ்க்கட்டிக்கும் இவை போதா என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயணம் தவிர்க்க முடியாதது.

அப்பயணத்துக்கு ஒரு படத்தொடர் தேவை. ஸ்வீடன் நாட்டுப் புத்தகம் மருத்துவமனைக் கதவில் தொடங்குகிறது. மாயாபந்தர்க் குழந்தைக்கான புத்தகம் விடியலில் நிற்கும் பேருந்தில் தொடங்க வேண்டும். அதன்பின் படகுத்துறை, படகு, சோதனைச்சாவடி, வரிசையாக நிற்கும் வண்டிகள், நிறுத்தாமல் செல்லும் காட்டுச்சாலை, அதற்கெல்லாம் பிறகே மருத்துவமனைக் கதவு. ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழ், இந்தி, வங்காளம், கரேன் ஆகிய மொழிகளில், உருவகம் இல்லாத ஒரு வாக்கியம். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற படவழித் தொடர்புச் செயலிகள் உள்ள நாட்டில் இது அரிய தொழில்நுட்பமன்று. அந்தமானில் பணியாற்றும் பல் மருத்துவரோ சிறப்பாசிரியரோ இத்தகைய தொடர் எதையேனும் ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். தமிழ் வாக்கியங்களைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கரேன் மொழி அறிந்தவர் எவரேனும் உடன்வந்தால் நன்று.